பட்டது

வணக்கம் சொல்வது வாளால்.
கைப்பிடி வாய்க்கு நேரே, முனை கூரைக்கு.
முதலில் எதிராளிக்கு, பிறகு நடுவருக்கு,
கடைசியில் பார்வையாளருக்கு.
ரிஃபாவில், செவ்வாய் இரவு எட்டரைக்கு,
இந்த ஹாலில் பார்வையாளர் என்றால்
ஏசி மெஷினும் நானும்.

நான் வாள் பிடிப்பவன் இல்லை, மீட்டர் பிடிப்பவன்.
பகலில் ஹமத் டவுன் வில்லாக்களில் காலிங் பெல்,
வாரம் இரண்டு ராத்திரி
இங்கே விளக்கெரியும் பெட்டிக்கு வைத்தியம்.
ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காதாம்.
என் பையில் ஏழு கிடக்கிறது
சண்டையில்லாமல்.

புதிதாய் வருகிறவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள்.
கோச் மொன்சிஃப் துனீசியாக்காரர்,
பிரெஞ்சுச் சொல்லை அரபியில் மென்று துப்புவார்.
தெரிந்தவரை சொல்கிறேன்.

வாள் மூன்று தினுசு.
ஃபாயில்: குத்து மட்டும், அதுவும் உடம்பின் நடுவில்.
தப்பிக் கையில் பட்டால் வெள்ளை விளக்கு;
மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவனைப் போல
எல்லோரும் பார்ப்பார்கள்.
சேபர்: குத்தலாம், வெட்டலாம், இடுப்புக்கு மேலே.
எப்பே: உச்சி முதல் கால்விரல் வரை
எங்கே பட்டாலும் பட்டதுதான்.

ஃபாயில் முனையில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்;
தொட்டால் அறும்.
எப்பேயில் அறுந்தே கிடக்கும்;
தொட்டால் சேரும்.
இதை யோசித்தபடி இரண்டு முறை
கடைசி பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

ஆன் கார்ட்: நிற்பதும் இல்லை, உட்காருவதும் இல்லை.
காலை ஐந்து மணிக்கு
கேம்ப் பாத்ரூம் வரிசையில் நிற்கிறோமே, அப்படி.
லஞ்ச்: முன்கால் பாய, பின்கால் ஆணியடித்தது.
ஆனால் கைதான் முதலில் நீள வேண்டும்.
கால் முந்தினால்
போனது கால் இல்லை, புள்ளி.
பாரி: வருகிற வாளைத் தட்டி ஒதுக்குவது.
அதற்கு நம்பர் உண்டு.
நெஞ்சின் உள்பக்கம் நாலு, வெளிப்பக்கம் ஆறு,
ஏழும் எட்டும் கீழே.
ஃபெயின்ட்: பொய்க்குத்து.
"சம்பளம் ஒண்ணாந்தேதி" என்பது மாதிரி.
ரிப்போஸ்ட்: தட்டிய கையோடு திருப்பிக் கொடுப்பது.
சூப்பர்வைசர் முன்னால் எனக்கு வந்ததே இல்லை.
ரூமில் சோப்புப் போடும்போது
அருமையாக வரும்.

போன செவ்வாய்க்கு வருகிறேன்.
ஜெஸிந்தா, தூத்துக்குடி, நர்ஸ், மூன்று மாதப் பழக்கம்.
எதிரே ஷேய்மா, வங்கியில் வேலை.
எப்பே. நாலுக்கு நாலு.
ஒரு புள்ளிதான் பாக்கி.

ஷேய்மா தோளுக்கு நீட்டினாள்.
ஜெஸிந்தா ஆறில் தட்டப் போனாள்,
அங்கே வாள் இல்லை.
கீழே போயிருந்தது,
ஷூவின் நுனிக்கு.

விளக்கு எரியவில்லை.
பெட்டி கம்மென்று இருந்தது.
மொன்சிஃப் கையசைத்தார்: தொடருங்கள்.

ஜெஸிந்தா மாஸ்க்கைக் கழற்றினாள்.
"பட்டுச்சு."
தமிழில்.
அந்த ஹாலில் அது புரிந்தது எனக்கு மட்டும்.
பெட்டிக்குப் பேசுகிறவன்
அவளுக்கும் பேச வேண்டியதாயிற்று.

வாளை வாங்கினேன்.
முனைமேல் முக்கால் கிலோ எடை வைத்தேன்;
ஸ்பிரிங் தூக்கி நின்றது, குறையில்லை.
கைக்கவசத்துக்குள் பார்த்தேன்.
முடியைவிட மெலிந்த கம்பி
விட்டுப் போயிருந்தது, அந்த நொடியில்தான்.

சட்டப்படி எரியாத விளக்குக்குப் புள்ளி கிடையாது.
அதையும் சொன்னேன்.

"விளக்குக்கு இல்லன்னா
என் வெரலுக்கு இருக்கு"
என்று ஷூவை உருவிக் காட்டினாள்.
சாக்ஸில் ஓட்டை.
அது பழைய ஓட்டை என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

நாலுக்கு ஐந்து.
தோற்றவள் ஷேய்மாவின் கையைக் குலுக்கிவிட்டு
நைட் டியூட்டிக்கு ஓடினாள்,
ஒரு காலை லேசாக விந்தி.

கம்பியைப் பற்றவைத்து முடிக்கப் பத்தேகால்.
முனையை என் கட்டைவிரலில் அழுத்துகிறேன்.
சிவப்பு.
எடுக்கிறேன், அழுத்துகிறேன், சிவப்பு.
பஸ் போயிருக்கும்.

வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.
கால்விரலை மட்டும்
உள்ளே வையுங்கள்.